காரணம் கேட்கும் அழைப்பு

அத்தியாயம் 9

“ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். ஒன்று என்றால் சிறிதும் திருப்தி இல்லை. ஐந்து என்றால் முழுத் திருப்தி.”

“எதுக்கு?”

“உங்களிடம் ரத்தம் எடுத்த ஊழியர் நடந்துகொண்ட விதத்துக்கு.”

“ரெண்டு.”

“இரண்டு. நன்றி. காத்திருக்கும் அறையின் வசதிக்கு?”

“அஞ்சு. நாற்காலியெல்லாம் புதுசு. பச்சைக் கலர். ஒண்ணு மட்டும் ஆடும், அதுல தெரிஞ்சவங்க யாரும் உக்கார மாட்டோம்.”

“ஐந்து. நன்றி. அடுத்த கேள்வி...”

“நீ சாப்டியாம்மா?”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு, “அடுத்த கேள்விக்குப் போகலாமா?” என்றது இளம் குரல்.

சின்னவள் ஒலிப்பதிவை நிறுத்தி, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். நேற்று சாயங்காலம் பதில் சொல்லும் இந்தக் குரலை முதன்முறை கேட்டபோது கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஐந்தாவது முறை. மாற்றமே இல்லை. அது அவளுடைய அம்மாவின் குரல்தான்.

அரசாங்கத்தின் சுகாதார ஆய்வு நிறுவனம், தன் ஆய்வுகளில் பங்கெடுப்பவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லும் வேலையை இந்த அலுவலகத்திடம் கொடுத்திருந்தது. நாற்பது இருக்கைகள், நடுவே இடுப்பளவு அட்டைத் தடுப்புகள், நாற்பது பேர் ஒரே கேள்விகளை ஒரே வார்த்தைகளில் படிக்கும் சத்தம். கேள்வித்தாளில் இல்லாத சொல் ஒன்றுகூட வாயிலிருந்து வரக்கூடாது.

சின்னவள் யாரையும் அழைப்பதில்லை. அவள் சரிபார்ப்பவள். இருபது ஒலிப்பதிவுகளில் ஒன்று அவளிடம் வரும். எழுத்துப் பிசகாமல் படித்தார்களா, சொன்ன பதிலையே பதிந்தார்களா, அவ்வளவுதான். பேசுபவருக்குப் பெயர் கிடையாது, ஏழு இலக்க எண் மட்டும். நான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான குரல்கள் அவள் காது வழியாகப் போயிருந்தன. சில சமயம், இரவு ரயிலில் எதிரே உட்கார்ந்து தூங்கிவிட்ட பயணிகளைப் போல அவர்களை நினைத்துக்கொள்வாள். முகம் பார்க்கலாம், எங்கே இறங்குவார்கள் என்று கேட்க முடியாது.

தெரிந்த குரல் வந்தால் திரையின் மூலையில் ‘அறிந்தவர்’ என்ற பொத்தான் உண்டு. அழுத்தினால் பதிவு வேறொருவருக்குப் போய்விடும். அவள் நேற்றும் அழுத்தவில்லை, இன்றும் அழுத்தவில்லை. அதைவிடப் பெரிய தவறாக, அதே எண்ணின் பழைய பதிவுகளையும் தேடித் திறந்தாள்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அம்மா, அறுபதைத் தாண்டியவர்களின் எலும்பு வலுவைப் பின்தொடரும் ஓர் ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். மாதம் ஒருமுறை மையத்துக்குப் போகிறாள். பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. சமீபகாலமாக ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மார்க் கொடுக்கிறாள். மூன்று மாதம், மூன்று இரண்டு.

ஊழியருக்கு இரண்டு விழுந்தால், ‘என்ன குறை?’ என்று கேட்க இரண்டு நாளில் இன்னோர் அழைப்பு போகும். காரணம் கேட்கும் அழைப்பு என்று அதற்குப் பெயர். அந்த மூன்றில் முதல் இரண்டு மாதத்தின் அழைப்புகளையும் கேட்டாள். அம்மா குறையே சொல்லவில்லை. “தங்கமான பொண்ணும்மா. ஊசி உள்ள போறதே தெரியாது,” என்றாள். அப்புறம் கதவுக் கீலைப் பற்றி, மூன்றாம் மாடிவரை ஏறிவந்த பூனையைப் பற்றி, நிற்காமல் பேசினாள். ஓர் அழைப்பு பதினெட்டு நிமிடம். இன்னொன்று இருபத்துமூன்று.

சின்னவள் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அம்மாவை அவள் புதன்கிழமை புதன்கிழமை கூப்பிடுவாள். போன புதன் நான்கு நிமிடம். அதற்கு முந்தைய புதன் மூன்று. அதற்கும் முந்தையது இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அன்றைக்கு பஸ் வந்துவிட்டது.

பின்னால் யாரோ நின்றார்கள். திரும்ப வேண்டியதில்லை. மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கடிகாரம். மனிதர்களைப் பார்க்கும்போதும் சுவரில் மணி பார்ப்பது போலவே பார்ப்பார்.

குறைந்த மதிப்பெண் பட்டியலை நான்கு மணிக்குள் அவள் ஒப்புதல் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றார். ஒரே ஊழியருக்குத் தொடர்ந்து மூன்று மாதம் இரண்டு விழுந்தால் அவர் பெயர் தனிப்பட்டியலுக்குப் போகும், ஒப்பந்த ஊழியராக இருந்தால் ஒப்பந்தம் அத்தோடு சரி, என்று அவளுக்குத் தெரிந்ததையே சொன்னார். இந்த மாதம் பட்டியலில் ஒரே ஒரு பெயர். எலும்பு ஆய்வில் ரத்தம் எடுக்கும் பெண்.

“மார்க்கும் பேச்சும் பொருந்தலன்னு போட்டா?” என்று கேட்டாள்.

“அப்போ மார்க் செல்லாது, அந்தப் பொண்ணு தப்பிச்சிரும். ஆனா மார்க் போட்டவங்க நம்பகமில்லாதவங்கன்னு ஆயிரும். அந்த நம்பரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவோம். அப்புறம் அவங்களுக்கு இங்கேருந்து ஒரு கால்கூடப் போகாது.”

வேறு வழி ஒன்றுதான். மார்க் போட்டவரே ஏழு நாளைக்குள் தானாக அழைத்து மாற்றலாம். மூன்றாவது இரண்டு திங்கட்கிழமை விழுந்தது. இன்று புதன். பட்டியல் போவது நான்கு மணிக்கு. இப்போது மணி பதினொன்றரை.

மதியத்துக்கு மேல் அரை நாள் விடுப்பு கேட்டாள். பட்டியலைக் கைபேசியிலிருந்தே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். கடிகாரம் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

*

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். குரல் கிணற்றிலிருந்து வந்தது போலிருந்தது.

அம்மா ஏதோ ஆய்வுக்குப் போகிறாளாமே, தெரியுமா என்று பொதுவாகக் கேட்டாள். தெரியாது என்றான். எலும்புக்கு என்ன கேடு என்று பதறினான். ஒன்றுமில்லை, நல்ல எலும்பையும் பார்ப்பார்கள் என்றதும் அமைதியானான். அம்மா ஆட்களுக்கு மார்க் போடுகிறாளாம், எல்லாருக்கும் இரண்டுதானாம் என்றாள். அவன் சிரித்தான்.

“அதுல என்ன அதிசயம்? எனக்கே அவ கையால ரெண்டுக்கு மேல விழுந்ததில்ல.”

“நீதான் ஞாயித்துக்கிழமை தவறாம போறியேண்ணா.”

அந்தப் பக்கம் இரும்பில் ஏதோ தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு நின்றது.

“போறேன்,” என்றான். “போயி, கீழேருந்தே ஹாரன் அடிப்பேன். அவ கூடையை இறக்குவா. காய்கறி, மாத்திரை எல்லாம் அதுல வச்சிருவேன். மேல ஏறி நாலு மாசம் ஆச்சு. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றேன், அவ வீட்டுல லிஃப்ட் இல்ல.” மறுபடி ஒருமுறை இரும்பைத் தட்டினான். “வண்டியைக்கூட அணைக்கிறதில்ல, சின்னவளே.”

அவள் பதில் சொல்வதற்குள், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இந்த வேலைக்கு வந்தபிறகு எதைப் பார்த்தாலும் மார்க் போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜன்னலுக்கு நான்கு. ஓட்டுநர் பிரேக் போடும் விதத்துக்கு ஒன்று. வெளியே, பூட்டிய கடை ஒன்றின் வாசலில் குடையை விரித்துப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அவருக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அடுத்த நிறுத்தம்வரை யோசித்தாள்.

தனக்கு என்ன போடுவது என்ற இடத்துக்கு வரும்போது இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. அதற்காக பஸ்ஸுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

*

அம்மா கதவைத் திறந்தாள். தலை வாரி, வெளியே போகும்போது போடும் நல்ல உடுப்பில் இருந்தாள். மூக்குக்கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது.

“இன்னிக்குப் புதன்கிழமை,” என்றாள். “நீ போன்லதானே வருவ?”

“எங்கேயாவது கிளம்பிட்டியா?”

“நான் எங்க கிளம்பப்போறேன்.”

முன்னறையில் மேசை ஜன்னலருகே இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேசைமேல் தொலைபேசி, மூடிவைத்த ஒரு டம்ளர் தண்ணீர், கோடு போட்ட நோட்டு, சீவிய பென்சில். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவள் அம்மா. கண்ணாடியில் வெட்டிய அரைவட்ட ஓட்டை வழியாக ஊரே அவளிடம் குனிந்து பேசியது. அந்த மேசையைப் பார்த்ததும் சின்னவளுக்கு அந்தக் கவுன்ட்டர்தான் ஞாபகம் வந்தது. கண்ணாடியும் வரிசையும்தான் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த வாக்கியத்தை எடுத்தாள். முதல் சொல் வருவதற்குள் மணி அடித்தது. தொலைபேசி மணி.

அம்மாவின் முகம் மாறியது. விரலை உதட்டில் வைத்தாள். “ஆபீஸ் போன். நீ சமையல்கட்டுக்குப் போ. சத்தம் காட்டாதே,” என்று கிசுகிசுத்தாள். மகளை முழங்கையைப் பிடித்து நகர்த்தியும் விட்டாள்.

காது சற்று மந்தம் என்பதால் அம்மா ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சமையலறைக் கதவு முழுதாகச் சாத்தாது. அதே இளம் குரல் அறைக்குள் வந்தது. வணக்கம் சொன்னது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்றது. பிறகு முதல் கேள்வி.

“இந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?”

சின்னவளுக்கு அந்தக் கேள்வி மனப்பாடம். பக்கத்தில் ஆள் இருந்தால் பதில் மாறிவிடும் என்பதற்காக வைத்த கேள்வி. ‘இல்லை’ என்றால் அழைப்பை அங்கேயே முடித்து வேறொரு நாளுக்குத் தள்ளவேண்டும்.

கதவிடுக்கில் அம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

“தனியாத்தான் இருக்கேன்,” என்றாள்.

அரைகுறையாக மூடிய குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. சின்னவள் அதன் அடியில் உள்ளங்கையை நீட்டினாள், சத்தம் கேட்காமலிருக்க. நான்கு வருடமாகப் பதில்களை ‘உண்மை’ என்றும் ‘சந்தேகம்’ என்றும் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதிலை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இருபத்தொரு நிமிடம். அம்மா நோட்டில் வரிவரியாகப் பென்சிலை வைத்துப் பேசினாள். பேசி முடித்த வரியை அடித்தாள். கீழ்வீட்டு நாய்க்கு ஆபரேஷன் ஆனது. நாற்காலி போட்டு ஏறித் தானே பல்பை மாற்றியது. ரயிலே வராத ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்ததாக வந்த கனவு. போனில் இருந்த பெண் அவ்வப்போது, “ஊழியர் குறித்து வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டாள். கேள்வித்தாள் அனுமதிக்கும் ஒரே கேள்வி அதுதான். அதையே அந்தப் பெண் ஆறுமுறை கேட்டாள். ஆறாவது முறை, வேண்டுமென்றே மெதுவாகக் கேட்டது போலிருந்தது.

உள்ளங்கையில் நிறைந்த தண்ணீர் வழிந்து முழங்கைவரை போயிருந்தது.

*

அம்மா கவுன்ட்டரை மூடுகிறவளைப் போல நோட்டை மூடினாள். அதற்கு முன்பே சின்னவள் வெளியே வந்து கடைசி வரியைப் பார்த்துவிட்டாள். ‘சின்னவளுக்கு இருமல் (போன புதன்). யார்கிட்ட கேக்கலாம்?’ அதன்மேலும் கோடு போட்டிருந்தது.

“எனக்கு இருமல் போயிடுச்சும்மா.”

“தெரியும். வந்ததிலேர்ந்து இருமல.”

சின்னவள் உட்கார்ந்தாள். சொன்னாள். தன் அலுவலகம் எது, தன் வேலை என்ன, தன் காதில் என்ன விழுந்தது, எதை அழுத்தாமல் விட்டாள் என்று ஒன்று விடாமல். அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தாள். அம்மா டம்ளரின் மூடியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

“என் குரலைக் கேட்டியா? எப்படி இருந்துச்சு?”

“கவுன்ட்டர் குரல்.”

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. மறைக்கப் பார்த்தாள்.

“எதுக்கும்மா ரெண்டு போடுற? நல்ல பொண்ணுன்னு நீயே சொல்ற.”

“முதல் மாசம் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன். நன்றின்னு சொல்லி வச்சிட்டாங்க. அடுத்த மாசம் நாற்காலிக்கு ரெண்டு போட்டுப் பாத்தேன். வருந்துகிறோம்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பிடிபட்டுச்சு.” அம்மா நோட்டின் ஓரத்தை நீவினாள். “பொருளுக்கு ரெண்டு போட்டா மெசேஜ். மனுஷங்களுக்கு ரெண்டு போட்டாத்தான் மனுஷங்க பேசுவாங்க.”

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த பழைய கவுன்ட்டர்காரியின் சின்னப் பெருமை அந்தக் குரலில் இருந்தது. அதைக் கலைக்க வேண்டியிருந்தது. சின்னவள் சுவரைப் பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிடம். மேற்பார்வையாளரைப் போலவே தானும் பார்ப்பதாகத் தோன்றியது.

“அந்த மார்க் அந்தப் பொண்ணு பேர்லதான் விழுதும்மா. மூணாச்சு. நாலு மணிக்கு லிஸ்ட் போகணும். போச்சுன்னா அவளுக்கு வேலை போயிடும்.”

அம்மா நோட்டின் மேலிருந்து கையை எடுத்தாள்.

“ஊசிப் பொண்ணுக்கா?”

“ஆமா.”

“ஆபீஸ் பேர்ல விழும்னு நினைச்சேன்.” பென்சிலை நோட்டின்மேல் நேராக்கிவைத்துவிட்டு, “புகார்ப் புத்தகத்தை எங்க கவுன்ட்டர்ல சங்கிலி போட்டுக் கட்டியிருப்பாங்க. ரயில் லேட்டானதுக்கு ஒருத்தர் எழுதுவாரு, இங்க் என் பேர்ல காயும். எனக்குத் தெரியாததா இது?” என்றாள். “போன மாசம் என் நரம்பு கிடைக்கலன்னு, என் கையைத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சு சூடு பண்ணினா அவ. அஞ்சு நிமிஷம். அன்னிக்கும் ரெண்டுதான் போட்டேன்.”

சின்னவள் இலவச எண்ணைத் தாளில் எழுதி நகர்த்தினாள். மாற்றச் சொல்லக்கூட அவளுக்கு உரிமையில்லை, எண் என்ன என்று யார் கேட்டாலும் சொல்லலாம், அவ்வளவுதான். அம்மா கேட்காமலேயே எழுதிவிட்டாள்.

அம்மா அழைத்தாள். மொழிக்கு ஒன்று, சேவைக்கு நான்கு என்று அழுத்திக்கொண்டே போனாள். இசை வந்தது. மூன்று இருபது. மூன்று முப்பத்தைந்து. அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூன்று நாற்பத்தொன்றுக்கு ஓர் ஆண் குரல் எடுத்தது. வேறு யாரோ. அம்மா ஏழு இலக்க எண்ணைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“ஊழியருக்கான மதிப்பெண்?”

“அஞ்சு.”

“மாற்றத்துக்கான காரணம்?”

“தப்பு என்மேல. அப்படியே எழுதிக்கோங்க.”

“நன்றி,” என்றது குரல். வைத்துவிட்டது. எல்லாம் சேர்த்து ஐம்பது வினாடி.

சில நிமிடத்தில் சின்னவளின் கைபேசித் திரையில் பட்டியல் ஒருமுறை சிமிட்டியது. பிறகு காலியானது. ஒப்புதல் கொடுத்து அனுப்பினாள். நான்கு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு மத்தியானம் நடந்ததே தெரியாது.

உடனே கடிகாரத்திடமிருந்து செய்தி வந்தது. ‘ஒரே எண்ணின் எல்லாப் பதிவையும் திறந்திருக்கிறாய். நாளைக் காலை முதல் வேலையாக என் அறைக்கு வா.’ கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாளை என்பது நாளைக்கு.

அம்மா எழுந்து மேசையை ஜன்னலருகிலிருந்து பழைய இடத்துக்குத் தள்ள ஆரம்பித்தாள். சின்னவள் மறுபக்கம் பிடித்தாள். நடுவழியில் அம்மா நின்றாள்.

“இனிமே கூப்பிட மாட்டாங்க இல்ல?”

“மாசம் ஒருதடவை கூப்பிடுவாங்கம்மா. மார்க் கேட்டுட்டு வச்சிடுவாங்க.”

“காரணம் கேக்க மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

அம்மா தலையாட்டினாள். ஏதோ ஒரு ரயில் ரத்தானதை அறிவிப்பில் கேட்டவளைப் போல. கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அணைந்தது. புதன்கிழமையில் யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மேசை இன்னும் இருவர் கையிலும் இருந்தது.

“முதல் தடவை நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன் தெரியுமா? போன்ல உன் ஆபீஸ் பேரைச் சொன்னாங்க. உன் பையில எழுதியிருக்குமே, அந்தப் பேரு. என்னிக்காவது ஒரு தடவை நீயா இருக்கும்னு பாத்தேன்.”

சின்னவள் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

“புதன்கிழமை கூப்பிடுறப்ப, சாப்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்குற இல்ல, அது வேண்டாம்,” என்றாள் அம்மா, மகளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து. “அந்தக் கேள்வியையெல்லாம் நீ கேக்குறியா? ஆபீஸ் போன்ல அந்தப் பொண்ணு கேக்குற மாதிரியே, தாளைப் பாத்து, வரிசை மாறாம. தனியா இருக்கீங்களாங்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சு.”